பல் உடைந்து போனேன், டாக்டர் குறட்டையைப் பற்றிக் கேட்கிறார்

முகப்புத்திண்ணை · ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பள்ளத்தூர், கடை காரைக்குடியில், வயது 52. போன வாரம் பேத்தி காதுகுத்துக்குச் சுட்ட சீடையைக் கடித்ததில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்துவிட்டது. வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன்.

அவர் பல்லைப் பார்த்தார், சரி. அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார். லைட்டைத் திருப்பித் தொண்டைக்குள் பார்த்தார். "தூக்கத்தில் குறட்டை வருமா?" என்றார். தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? நான் சிரித்துக்கொண்டே வீட்டம்மாவைக் கை காட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். இருபது வருஷத்து வழக்கை மொத்தமாக எடுத்து வைத்துவிட்டார். "குறட்டை கூடப் பழகிவிட்டது டாக்டர், நடுவில் திடீரென்று நின்றுவிடும். அப்போதுதான் பயம். மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

உடனே டாக்டர் தையல் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தார். 43 சென்டிமீட்டர். பல்லுக்குத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, "மதுரையில் நுரையீரல் டாக்டரைப் பார்த்து ஒரு தூக்கப் பரிசோதனை எடுத்து வாருங்கள், அப்புறம் இந்தப் பல்லுக்குத் தொப்பி போடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் புரியவில்லை. பல்லுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இது பல் டாக்டர் வேலையா?

சிராவயல்_காளை · ஞாயிறு, இரவு 10.05

இல்லை. வியாபாரம். இப்போதெல்லாம் ஒரு பல்லோடு விட்டால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் அப்பா எண்பது வயதுவரை குறட்டை விட்டார். மாடு பிடிக்கிற ஊரில் அந்தச் சத்தத்துக்கு மாடே மிரளும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்லை மட்டும் பாருங்கள், கிளம்புங்கள்.

ரயில்_சிநேகிதன் · ஞாயிறு, இரவு 10.20

ராமேஸ்வரம் வண்டியில் சென்னைக்கு ராத்திரிப் பயணம் போகிறவர்களைக் கேளுங்கள், குறட்டை யாருக்கு நோய் என்று சொல்வார்கள். கேட்கிறவனுக்குத்தான்.

செக்காலை_பல்வைத்தியர் · ஞாயிறு, இரவு 11.15

உங்களைப் பார்த்த டாக்டர் நானில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி.

முழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டையையும் தசைகள் இழுத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. தூங்கினால் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பாகம் பின்னால் சரிகிறது, மேலண்ணத்தின் மெத்தென்ற பகுதி தொங்குகிறது. வழி குறுகும்போது காற்று உரசி அதிர்கிறதே, அதுதான் குறட்டை. வழி முழுவதும் மூடிக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்கள் "அப்பாடா, அமைதியாகத் தூங்குகிறார்" என்று நினைப்பது அந்த நேரத்தைத்தான். உள்ளே மார்பு மூச்சுக்கு முட்டிக்கொண்டிருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். மூளை அரைகுறையாக விழித்துத் தசையை இழுக்கும், 'ஹர்ர்' என்று ஒரு பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்பும். காலையில் எதுவும் நினைவிருக்காது. தலைவலி, வாய் வறட்சி, பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொக்குவது, ராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது, மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், இவைதான் 'ஸ்லீப் அப்னியா' என்கிற இந்தத் தூக்க மூச்சுத் தடை நோய்க்குத் தடயம்.

இதில் பல் டாக்டர் எங்கே வருகிறார் என்றால், உடம்பைப் பார்க்கிற வேறு எந்த டாக்டரும் எங்களைப் போல மனிதரை மல்லாக்கப் படுக்கவைத்து, வாயைத் திறந்து, வெளிச்சம் போட்டு அரை மணி நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சாய்ந்த நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி குறட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாக்கின் ஓரத்தில் பல் அச்சு வரிசையாகப் பதிந்திருக்கும், கந்தரப்பத்தின் ஓரம் மாதிரி. கடைவாய்ப் பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருக்கும். கீழ்த்தாடை பின்னுக்குப் போயிருக்கும். மேலண்ணம் குறுகலாக, உயரமாக இருக்கும். நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்கே தெரியாது. அந்தக் கடைசிப் பார்வைக்கு மல்லம்பட்டி வகைப்பாடு என்று பெயர். சேஷகிரி மல்லம்பட்டி என்ற மயக்க மருந்து நிபுணர் 1985இல் எழுதியது. ஆபரேஷனுக்கு முன் தொண்டைக்குள் குழாய் இறக்குவது கஷ்டமா என்று கணிக்கத்தான் வந்தது, இப்போது எங்களுக்கும் பயன்படுகிறது.

முகப்புத்திண்ணை அண்ணே, சீடைமேல் முழுப் பழியையும் போடாதீர்கள். ராத்திரி பல்லைக் கடிக்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்தப் பல் முன்னமே கீறல் விட்டிருக்கும்.

சிராவயல்_காளை · திங்கள், காலை 6.40

டாக்டர், அப்படியென்றால் நீங்களே நோய் என்று சொல்லி, நீங்களே மருந்தும் கொடுக்கலாமே. மதுரைக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

செக்காலை_பல்வைத்தியர் · திங்கள், மதியம் 2.10

நல்ல கேள்வி. கூடாது. சந்தேகப்படுவதோடு எங்கள் வேலை நிற்கிறது. நோய் இருக்கிறது, இத்தனை கடுமை என்று சொல்ல வேண்டியவர் தூக்கம் படித்த மருத்துவர், பரிசோதனையை வைத்து. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பும் அங்குள்ள தூக்கப் பல் மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது: தூக்கத்தில் கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கிற வாய்க் கருவியை எழுதிக் கொடுப்பது தூக்க மருத்துவர், அளவெடுத்துச் செய்து கூடவே இருந்து பார்ப்பது பயிற்சி பெற்ற பல் மருத்துவர். 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவ சங்கமும் பல் டாக்டர்கள் எல்லா நோயாளியிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த தவறு ஒன்றையும் சொல்கிறேன். பல் தேய்ந்து வருகிறவர்களுக்கு ராத்திரி பல் தேயாமல் காக்கிற உறை, நைட் கார்டு, ஒன்றை மேல் பல்லுக்குச் செய்து மாட்டி அனுப்பிவிடுவேன். குறட்டையைக் கேட்டதே இல்லை. மூச்சுத் தடை உள்ளவர்களில் சிலருக்கு அந்தச் சாதாரண கார்டு தடையை இன்னும் மோசமாக்கக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் இப்போது முதலில் கேள்வி, பிறகுதான் அச்சு.

உங்கள் அப்பா விஷயம்: குறட்டை விடுகிற எல்லோருக்கும் மூச்சு நிற்பதில்லை. அவருக்கு வெறும் குறட்டையாக இருந்திருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

தேவகோட்டை_ஆச்சி · திங்கள், மாலை 5.30

எங்கள் வீட்டில் அவர்களுக்கு ஐந்து வருஷமாக சிபாப் மிஷின் ஓடுகிறது. மூக்கில் மாஸ்க், ராத்திரி முழுக்கக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும். முதல் மாதம் பெரிய சண்டை. "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு, கழட்டு" என்பார்கள். இப்போது அது இல்லாமல் படுக்க மாட்டார்கள். பிரஷர் மாத்திரை ஒன்று குறைந்தது.

கஷ்டம் என்னவென்றால் மின்சாரம். ஒரு தடவை மழையில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. எழுந்து பட்டாலைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். இன்வெர்ட்டர் வாங்கின பிறகு நிம்மதி. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் மிஷின் பெட்டிதான் முதலில் வண்டியில் ஏறும், சீர்த்தட்டு அப்புறம்தான்.

கண்டனூர்க்காரன் · திங்கள், இரவு 8.00

இவ்வளவு தூரம் எதற்கு? ஆன்லைனில் 'குறட்டைக் கிளிப்' விற்கிறார்கள். வெந்நீரில் போட்டு, இளகியதும் கடித்து அச்சு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வாங்கினேன். குறட்டை நின்றுவிட்டது என்று மனைவி சொல்கிறாள். காலையில் தாடை மட்டும் கொஞ்சம் வலிக்கும், பல் சரியாகச் சேராத மாதிரி இருக்கும். பழகிவிடும் என்று நினைக்கிறேன்.

செக்காலை_பல்வைத்தியர் · திங்கள், இரவு 9.25

கண்டனூர்த் தம்பி, இதைப் படித்ததும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில், சத்தம் நின்றால் நோய் நின்றதாக அர்த்தமில்லை. சத்தம்தான் நமக்கு மணி. மணியைக் கழற்றிவிட்டு, மாடு தொலையவில்லை என்று நினைக்கிற கதை அது. பரிசோதனை எடுத்தீர்களா?

இரண்டாவது, அந்தத் தாடை வலியை விடாதீர்கள். இந்தக் கருவி கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. தாடையோடு நாக்கும் முன்னால் வருகிறது, பின்னால் வழி திறக்கிறது. யோசனை புதிதல்ல. தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சு அடைப்பதைப் பியர் ரோபென் என்ற பிரெஞ்சுக்காரர் 1923இல் விளக்கினார். அவர் ஒரு பல்-வாய் மருத்துவர்தான். ஆனால் எவ்வளவு இழுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் உங்கள் தாடை அதிகபட்சம் எவ்வளவு முன்னால் வரும் என்று அளந்து, அதில் ஏறக்குறைய பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் ஓரிடத்தில் தொடங்குவோம். பிறகு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, சிறிது சிறிதாகத் திருகி நகர்த்துவோம். கடையில் விற்பது எல்லோர் வாய்க்கும் ஒரே அளவு. மாதக்கணக்கில் போட்டால் பல் நகரும், கடி மாறும். நாங்கள் செய்கிறதிலும் அந்த ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்கிறோம், காலையில் கழற்றியதும் கடித்துப் பழக ஒரு சின்னத் துண்டும் கொடுக்கிறோம்.

வளவுக்_கூட்டம் · திங்கள், இரவு 10.10

டாக்டர், எங்கள் ஐயாவுக்கு 74. மேலும் கீழும் முழுப் பல் செட். குறட்டை பலமாக வரும். கூடவே ஐம்பது வருஷமாக வெற்றிலை பாக்கு. அவருக்கு இந்தக் கருவி ஆகுமா?

செக்காலை_பல்வைத்தியர் · செவ்வாய், காலை 7.15

பல்லே இல்லாத வாயில் அது பிடித்து நிற்காது. பிடிப்புக்கு இரண்டு வரிசையிலும் உறுதியான பற்கள் போதுமான அளவு வேண்டும், ஈறு நோய் இருக்கக் கூடாது. நாக்கை ஒரு மென்மையான குமிழுக்குள் உறிஞ்சி முன்னால் பிடித்து வைக்கும் வேறொரு வகை உண்டு, 1982இல் வந்தது. பல் இல்லாதவர்களுக்கு அதை யோசிக்கலாம். எல்லோருக்கும் பொறுக்காது. அவருக்கு சிபாப்தான் நேர்வழியாக இருக்கும், பரிசோதனைக்குப் பிறகு.

இன்னொன்று அவசரம். ஐயா வாயை எவ்வளவு திறக்கிறார்? அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்புறம் நுழைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பாக்கு போடுகிற பலருக்கு உள்கன்னம் வெளுத்து, நார் விட்டு, தோல் மாதிரி இறுகிப்போகிறது. இரண்டு விரல்கூட நுழையாதவர்கள் வருகிறார்கள். அச்செடுக்கிற தட்டை உள்ளே விடவே முடியாது. குறட்டை ஒரு பக்கம் இருக்கட்டும், இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. இந்த வாரமே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

வளவுக்_கூட்டம் · செவ்வாய், காலை 7.40

இரண்டரை விரல். கூட்டிப் போகிறேன்.

ராத்திரி_டெக்னீஷியன் · செவ்வாய், மாலை 4.00

மதுரையில் ஒரு தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முகப்புத்திண்ணை சார் மாதிரி வருகிறவர்களுக்காகச் சில நடைமுறை விஷயம்.

ராத்திரி எட்டு மணிக்கு வர வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். சனி, புதன் என்றால் எண்ணெய்க் குளியலோடு வந்து நிற்பார்கள். மண்டையில் ஒட்டுகிற ஒயர் ஒன்றும் பிடிக்காது, ஷாம்பு போட்டு அலசி வரச் சொல்லித் திரும்ப உட்காரவைப்போம். தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் ஒயர். மார்பிலும் வயிற்றிலும் பட்டை. மூக்கடியில் மெல்லிய குழாய். விரலில் ஆக்சிஜன் கிளிப். "இப்படிக் கட்டிப்போட்டால் யாருக்குத் தூக்கம் வரும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலோர் பதினைந்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறார்கள், அதுவே ஒரு நோய்க்குறிதான்.

நாங்கள் எண்ணுவது இது: மூச்சு பத்து விநாடியாவது நின்றதும், ஆக்சிஜன் இறங்கும்படி குறைந்ததும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை. ஐந்துக்குக் கீழே சாதாரணம். 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மணிக்கு எழுபது எண்பது தடவை நின்றவர்களையும் திரையில் பார்த்திருக்கிறேன். நிமிஷத்துக்கு ஒன்றுக்கு மேல். அதில் ஒருவர் காலையில் எழுந்து "நன்றாகத் தூங்கினேன்" என்று காப்பி கேட்டார்.

வீட்டிலேயே மாட்டிக்கொள்கிற சிறிய கருவியும் இருக்கிறது. மூளை அலை அதில் பதியாது. இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு அது போதாது.

முகப்புத்திண்ணை · செவ்வாய், இரவு 9.30

நாளை மறுநாள் போகிறேன். எண்ணெய் வைக்க மாட்டேன்.

ஆயாவீட்டுப்_பேத்தி · செவ்வாய், இரவு 10.45

ஓரமாக ஒரு கேள்வி. என் மகனுக்கு ஏழு வயது. வாயைத் திறந்துதான் தூங்குவான், குறட்டை வரும், படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பான். இன்னும் சில நாள் படுக்கையை நனைக்கிறான். வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் புகார். மேல் முன்பல் நீட்டிக்கொண்டு வருகிறது என்று கிளிப் போடத்தான் பல் டாக்டரிடம் போகலாம் என்றிருந்தேன்.

செக்காலை_பல்வைத்தியர் · புதன், காலை 6.50

அம்மா, நீங்கள் எழுதிய எல்லாமே ஒரே விஷயமாக இருக்கலாம். குழந்தைகளுக்குப் பெரியவர்களைப் போலத் தூக்கக் கலக்கம் தெரியாது. துறுதுறுப்பாகத்தான் வெளிப்படும், நாம் வால் என்று திட்டுவோம். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதையும் தொண்டையில் டான்சிலும் வளர்ந்து அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அதை எடுப்பதுதான் முதல் சிகிச்சை. மேலண்ணம் குறுகியிருந்தால் பல் சீரமைப்பு மருத்துவர் அதை மெல்ல விரிக்கிற கருவி போடுவார், வளர்கிற வயதில் அது நன்றாக வேலை செய்யும். குழந்தையின் கணக்கும் வேறு. மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். வாயைத் திறந்து தூங்குவதை ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், பத்துப் பக்கம் சொல்வதைவிட அது பேசும்.

நெறியாளர் · புதன், காலை 9.00

ரிப்போர்ட் போடுகிறவர்கள் பெயரையும் போன் எண்ணையும் மறைத்துப் போடவும். இரண்டு பேருடையதை எடுத்துவிட்டேன்.

முகப்புத்திண்ணை · ஒன்பது நாள் கழித்து, இரவு 9.10

ரிப்போர்ட் வந்தது. மணிக்கு 22. நடுத்தரம். ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 81வரை இறங்கியிருக்கிறது. மல்லாந்து படுத்தால்தான் மோசம், ஒருக்களித்தால் பாதி. நுரையீரல் டாக்டர் முதலில் சிபாப் சொன்னார். இரண்டு ராத்திரி வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு பதற்றம், தூக்கத்தில் நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அவரே வாய்க் கருவிக்கு எழுதிக் கொடுத்துப் பல் டாக்டரிடம் திருப்பி அனுப்பினார். எனக்கு ஒரே குழப்பம், இரண்டில் எது நல்லது?

ராத்திரி_டெக்னீஷியன் · அன்றே, இரவு 9.50

மணிக்கு எத்தனை தடவை என்கிற எண்ணிக்கையைக் குறைப்பதில் சிபாப்தான் பலம் சார். 1981இல் சிட்னியில் காலின் சலிவன் அதைக் கொண்டுவந்ததிலிருந்து அதை மிஞ்சியது இல்லை. ஆனால் அலமாரியில் இருக்கிற மிஷின் யாருக்கும் மூச்சு கொடுக்காது. வாய்க் கருவி எண்ணிக்கையை அவ்வளவு குறைக்காவிட்டாலும் ஜனங்கள் அதைக் கூடுதல் நேரம் போட்டுத் தூங்குகிறார்கள், அதனால் பகல் தூக்கம், பிரஷர் இவற்றில் பலன் கிட்டத்தட்ட சமமாக வருகிறது. கடுமையான கேஸ் என்றால் நான் மிஷினைத்தான் பிடித்துத் தொங்கச் சொல்வேன். உங்களுக்கு 22.

முகப்புத்திண்ணை · இரண்டரை மாதம் கழித்து, காலை 7.20

கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்காக.

மேலும் கீழும் அச்செடுத்து, இரண்டு வாரத்தில் கருவி வந்தது. இரண்டு தெளிவான கிளிப், பக்கத்தில் ஒரு குட்டித் திருகு. விலை ஒரு நல்ல செல்போன் விலை. முதல் வாரம் வாயில் எச்சில் ஆறாக ஓடியது, தலையணை உறை தினமும் மாற்றினோம். காலையில் இட்லியை மென்றால் கடைவாய் சேராது, பத்து நிமிஷத்தில் சரியாகும். மூன்று தடவை டாக்டர் திருகைத் திருப்பி முன்னால் நகர்த்தினார். போன வாரம் கருவியோடு மறு பரிசோதனை எடுத்தேன். 22 இப்போது 7. கழுத்து அதே 43தான், அதற்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று முந்தின நாள் மச்சினர் வீட்டுக் கல்யாணம், கானாடுகாத்தான். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்து வரிசையாகப் பதினாலு ஆம்பளைகள். என் பக்கத்தில் படுக்க யாரும் வர மாட்டார்கள், வழக்கமாகத் தூணோரம் எனக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். காலையில் காப்பி குடிக்கும்போது சம்பந்தி கேட்டார்: "ராத்திரி நீங்க வரவே இல்லையே, எங்க தங்கினீங்க?"

பிளந்த பல்லுக்குத் தொப்பியும் போட்டாகிவிட்டது. சீடை மட்டும் இன்னும் தடை.

தேவகோட்டை_ஆச்சி · அன்றே, காலை 8.00

சம்பந்தி கேட்டதைப் படித்து இவர்களிடம் காட்டினேன். மாஸ்க்கோடு சிரித்தார்கள், காற்று எல்லாப் பக்கமும் பிய்த்துக்கொண்டு போனது. கருவியை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள் அண்ணே. எங்கள் தெருவில் ஒருவருடையதை வீட்டு நாய் கடித்துத் துப்பிவிட்டது.

சிராவயல்_காளை · அன்றே, இரவு 10.30

டாக்டர், அந்தக் கழுத்து அளவை எந்த இடத்தில் எடுக்க வேண்டும்?

செக்காலை_பல்வைத்தியர் · அன்றே, இரவு 10.35

குரல்வளை மேட்டின் மேல், டேப்பை இறுக்காமல். மூச்சுத் தடை இருக்குமா என்று சந்தேகிக்க ஒரு புள்ளிக் கணக்கு உண்டு: ஆண்பிள்ளைக்கு 40க்கு மேல் போனால் ஒரு புள்ளி. அதோடு பலத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, பிரஷர், வயது ஐம்பதுக்கு மேல், உடல் எடைக் குறியீடு 35க்கு மேல், ஆணாக இருப்பது, எல்லாம் ஒவ்வொரு புள்ளி. மூன்று வந்தால் சோதித்துக்கொள்வது நல்லது.

சிராவயல்_காளை · அன்றே, இரவு 10.52

42. மொத்தம் ஐந்து. அப்பாவுக்கு அளந்து பார்த்திருக்கலாம்.

திங்கட்கிழமை கிளினிக் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?